சே, டெல், ஸ்பீக், டோக்: எதை எங்கே போடுவது?

ஆங்கிலம் பேசத் தொடங்கும் யாழ்ப்பாணப் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் வசனம் ‘ஹீ செட் மீ’. அதற்கு அடுத்தது ‘ஹீ டோல்ட் டு மீ’. இரண்டுமே பிழை, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ‘அவர் எனக்குச் சொன்னவர்’ என்றால் தமிழில் வேலை முடிந்தது. ஆங்கிலத்திலோ அந்த ஒரு ‘சொல்’லுக்கு ‘சே’, ‘டெல்’ என்று இரண்டு வினைகள் இருக்கின்றன (இறந்தகாலத்தில் ‘செட்’, ‘டோல்ட்’). சின்ன அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘சொல்’ என்றுதான் போட்டிருக்கும். அதோடு ‘ஸ்பீக்’, ‘டோக்’ இரண்டும் வந்து சேர்ந்தால் பிள்ளை வாயையே திறக்காது.

இந்த நாலையும் அட்டவணையாக எழுதிப் பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாடமாக்கியது பரீட்சைத் தாள் வரைக்கும் வரும், பேசும்போது வராது. எங்கள் பேச்சுத் தமிழில் இந்த வேறுபாடுகளில் பல ஏற்கெனவே இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

படி 1: அடுத்து வருவது ஆளா, விஷயமா?

‘சே’க்குப் பிறகு சொன்ன விஷயம் வரும். ‘டெல்’லுக்குப் பிறகு அதைக் கேட்ட ஆள் வரும்.

‘ஷீ செட் த பஸ் வாஸ் லேட்.’
‘ஷீ டோல்ட் மீ த பஸ் வாஸ் லேட்.’

‘எனக்கு’ என்பதில் இருக்கிற ‘க்கு’தான் வில்லங்கம். அதை அப்படியே ‘டு’ ஆக்கி ‘டோல்ட் டு மீ’ என்று விடுகிறோம். ‘டெல்’லுக்குப் பக்கத்தில் ஆள் வந்தால் அந்த ‘டு’ தேவையில்லை: ‘டோல்ட் மீ’, ‘டோல்ட் ஹிம்’, ‘டோல்ட் மை சிஸ்டர்’. ‘சே’யோடு ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால்தான் ‘டு’ கட்டாயம்: ‘வட் டிட் ஹீ சே டு யூ?’

ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘டெல்’ என்று தேடுங்கள். பொருளைப் படித்ததும் மூடிவிடாதீர்கள். எடுத்துக்காட்டு வசனங்களுக்குப் பக்கத்தில் ‘டெல் சம்பொடி சம்திங்’ என்று அமைப்பைக் காட்டியிருப்பார்கள். ‘சே’க்குப் போனால் ‘சே சம்திங் டு சம்பொடி’ என்று இருக்கும். பொருளைவிட அந்த ஒரு வரிதான் பயன் தரும். எந்தப் புது வினையையும் இப்படிப் பார்த்துப் பழகினால் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’, ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்ற பிழைகளும் தானாகக் குறையும். (‘எக்ஸ்ப்ளெய்ன்’னுக்கு ‘டு மீ’ வேண்டும், ‘டிஸ்கஸ்’ஸுக்கு ‘அபவுட்’ வேண்டாம்.)

படி 2: ‘அவனை வரச் சொல்லு’ என்றால் டெல்

இது எனக்கு மிகவும் பிடித்த இடம். தகவல் சொல்லும்போது ‘அவனுக்குச் சொல்லு’ என்கிறோம். ஒரு வேலையைச் செய்யும்படி சொல்லும்போது தமிழே ‘க்கு’வை விட்டுவிட்டு ‘ஐ’க்கு மாறிவிடுகிறது: ‘அவனை வரச் சொல்லு.’ ஆங்கிலத்திலும் இங்கே ஆள் நேரடியாக வருவார்: ‘டெல் ஹிம் டு கம்.’ ஆகவே உங்கள் தமிழ் வசனத்தில் ‘அவனை’, ‘என்னை’, ‘அம்மாவை’ என்று வந்து ‘சொல்’லில் முடிந்தால் யோசிக்காமல் ‘டெல்’ போடலாம்.

‘அம்மா என்னைக் காத்திருக்கச் சொன்னா’ என்பது ‘மை மதர் டோல்ட் மீ டு வெயிட்’. ‘அவனைப் போக வேண்டாம் எண்டு சொல்லு’ என்பது ‘டெல் ஹிம் நொட் டு கோ’. இந்த ‘நொட்’ எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள், ‘டு’வுக்கு முன்னால். ‘செட் மீ டு வெயிட்’ என்று ஒருபோதும் வராது.

படி 3: ‘ஆம்’ போட்டால் சே

‘நாளைக்குக் கடை பூட்டாம்.’ ‘பின்னேரம் மழை வருமாம்.’ யார் யாருக்குச் சொன்னது என்பது இங்கே முக்கியமில்லை. கேட்ட ஆள் இல்லாததால் ‘டெல்’லுக்கு இடமில்லை: ‘தே சே இட் வில் ரெய்ன்.’

எழுத்தில் இருப்பதற்கும் ‘சே’தான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று ‘போர்டில காங்கேசன்துறை எண்டு போட்டிருக்கு’ என்போம். ஆங்கிலத்தில் அந்தப் ‘போட்டிருக்கு’ முழுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: ‘த போர்ட் செஸ் காங்கேசன்துறை.’ மணிக்கூடு, கடிதம், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாள் எல்லாவற்றுக்கும் இதே மாதிரித்தான்.

இங்கே உச்சரிப்பையும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘சே’ நெடில். ஆனால் ‘செஸ்’, ‘செட்’ இரண்டும் குறில். ‘சேய்ஸ்’, ‘சேய்ட்’ என்று இழுக்க வேண்டாம்.

படி 4: கதைத்தால் டோக், பேசினால் ஸ்பீக்

இதில் யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பேர் இருந்து ‘கதைப்பது’ டோக். ஒருவர் மேடையில் ஏறிப் ‘பேசுவது’ ஸ்பீக். பேச்சுப் போட்டியின் பேச்சு ‘ஸ்பீச்’, பேச்சாளர் ‘ஸ்பீக்கர்’. ‘வீ டோக்ட் அபவுட் த வெடிங்’ என்றால் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தோம். மொழிக்கு எப்போதும் ‘ஸ்பீக்’ போட்டுப் பழகுங்கள்: ‘ஐ ஸ்பீக் டமில்.’ போனில் தெரியாத ஆளிடம் ‘கான் ஐ ஸ்பீக் டு த மனேஜர், ப்ளீஸ்?’ என்பது மரியாதையாக இருக்கும்.

ஆனால் ‘அம்மா பேசிப்போட்டா’ என்பதை ‘ஸ்பீக்’ ஆக்கிவிடக் கூடாது. அது ஏச்சு. அதற்கு ‘டெல்’தான் வரும், பின்னால் ‘ஓஃப்’ சேர்த்து: ‘மை மதர் டோல்ட் மீ ஓஃப்.’

படி 5: ஆள் இல்லாமலும் வரும் டெல்

சில சேர்க்கைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்வது ‘டெல் அ லை’, உண்மை சொல்வது ‘டெல் த ட்ரூத்’, கதை சொல்வது ‘டெல் அ ஸ்டோரி’, மணி பார்த்துச் சொல்வது ‘டெல் த டைம்’. வித்தியாசம் கண்டுபிடிப்பதும் ‘டெல்’தான். மாம்பழங்களில் கறுத்தக்கொழும்பானையும் வெள்ளைக்கொழும்பானையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் ‘ஐ கான்ட் டெல் த டிஃபரன்ஸ்’.

பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’லுக்கு எண்ணுவது என்ற பொருளும் இருந்தது. வங்கியில் காசு எண்ணித் தருபவர் ‘டெல்லர்’ ஆனது அதனால்தான். ஏடிஎம் என்பதில் நடுவில் நிற்கும் ‘டி’யும் அதே டெல்லர்தான்.

படி 6: நாலையும் ஒரே இடத்தில் பழகுங்கள்

வெளிநாடு போவதற்காக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதுபவர்கள் ஊரில் நிறையப் பேர். அதன் வாய்மொழிப் பரீட்சைக்கே ‘ஸ்பீக்கிங்’ என்றுதான் பெயர், 11 முதல் 14 நிமிடம் நடக்கும். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பைத் தந்து அதைப் பற்றி ‘டோக்’ பண்ணச் சொல்வார்கள். கையில் தரும் கார்டில் ‘யூ ஷுட் சே’ என்று எழுதி, சொல்ல வேண்டிய விஷயங்கள் வரிசையாக இருக்கும். நேரம் முடிந்தால் பரீட்சகர் உங்களுக்கு அறிவிப்பார், அது ‘டெல்’. ஏன் ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல் என்று மேலே உள்ள படிகளை வைத்து நீங்களே விளக்கிப் பாருங்கள்.

பரீட்சை எழுதாதவர்களும் இதே முறையில் பழகலாம். நல்லூர்த் திருவிழாவில் யாரோடு கதைத்தீர்கள், வீட்டில் என்ன வாங்கி வரச் சொன்னார்கள், ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்து, பிறகு இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது மற்றப் பிழைகளை விட்டுவிட்டு இரண்டை மட்டும் தேடுங்கள்: ‘டோல்ட்’டுக்குப் பிறகு ‘டு மீ’ வந்ததா, ‘செட்’டுக்குப் பிறகு ‘டு’ இல்லாமல் ஆள் வந்தாரா? வந்திருந்தால் அந்த வசனத்தை மட்டும் திருத்தி, சத்தமாகத் திரும்பச் சொல்லுங்கள்.