சட்டியும் சிமினியும் உடையாமல் வந்துசேர

ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாங்கள் கொண்டுவரும் சாமான்களில் பாதி எப்படி எறிந்தாலும் வந்துசேரும். மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, வடகம் எதற்கும் பயமில்லை. பருத்தித்துறை வடை நொருங்கும்தான், நொருங்கினாலும் தின்னலாம். மண்சட்டி, ஊறுகாய் ஜாடி, கண்ணாடிச் சட்டகத்துக்குள் இருக்கும் அம்மப்பாவின் படம், நெல்லிரசப் போத்தல் என்று வரும்போதுதான் தலையிடி.

முன்னொரு பயணத்தில் இரண்டு மண்சட்டியைச் சேலையிலும் சாரத்திலும் சுற்றி சூட்கேஸுக்குள் வைத்தேன். துணி மெத்தென்று இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. றொறன்ரோவில் திறந்தபோது ஒன்று முழுதாக இருந்தது, மற்றது ஐந்து துண்டு. வழியில் துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. இரண்டு சட்டியின் விளிம்பும் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன.

அடுத்த முறை நான் கொண்டுவர நினைத்தது அதைவிட மோசமான சாமான்: சின்னம்மா வீட்டு அரிக்கன் லாம்பு. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு அந்த லாம்பின் அருமை தெரியும். மண்ணெண்ணெய் விலை ஏறிய நாட்களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்ச எண்ணெய் விட்டு எரித்தோம். லாம்பு ஏற்றினால் அன்று பரீட்சை நாள் என்று அர்த்தம். தகரம் வந்துவிடும், அதன் கண்ணாடிச் சிமினி எப்படி வரும்?

“தம்பி, உதைத் துணியில சுத்தாத. சந்திக்கடை அண்ணையிட்டக் கேட்டு மட்டை வாங்கிக்கொண்டு வா” என்றா சின்னம்மா. அந்த அண்ணை முந்திக் கொழும்பிலிருந்து கண்ணாடிச் சாமான் இறக்கி விற்றவர். காட்போட் மட்டைப் பெட்டியை வெட்டி மடித்தே எல்லாவற்றையும் கட்டுவார். அவரிடம் பழகியதும், பிறகு நானே பிழைவிட்டுத் திருத்தியதும்தான் இங்கே எழுதியிருப்பவை.

முதலில் சாமான் ஏன் உடைகிறது என்று பார்ப்போம். விழுவதால் அல்ல, விழுந்து சடக்கென்று நிற்பதால்தான் உடைகிறது. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் பெட்டிக்குள் உள்ள சட்டி 1 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்றால், சராசரியாகத் தன் எடையைப்போல 100 மடங்கு விசையைத் தாங்கவேண்டும். அதே சட்டி 5 சென்ரிமீற்றர் அமுங்கி மெதுவாக நின்றால் 20 மடங்குதான். மடித்த மட்டை செய்யும் வேலை இவ்வளவுதான்: நசுங்கி, அந்தத் தூரத்தைக் கொடுக்கிறது. துணியும் நசுங்கும், ஆனால் வைத்த இடத்தில் நிற்காது.

மட்டையை வெட்டிப் பார்த்தால் இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே அலைஅலையாக ஒரு தாள் ஓடும். அந்த அலைதான் மட்டையின் உயிர். 1871இல் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஜோன்ஸ் என்பவர் நெளிதாளைப் பொதிசெய்யப் பயன்படுத்தக் காப்புரிமை எடுத்தார். எதைச் சுற்ற என்று நினைக்கிறீர்கள்? போத்தல்களையும் லாம்புச் சிமினிகளையும்! பெட்டியாக மாறியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக, சிமினிக்கு மட்டை தேடிப் போன நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

இனி, எந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குவது? பிஸ்கட் பெட்டி மெல்லியது, மடிப்புக்கு நல்லது, வெளிப்பெட்டிக்கு ஆகாது. சவர்க்காரப் பெட்டி உறுதியானது, ஆனால் மண்சட்டியை அதற்குள் வைக்காதீர்கள். மெருகு பூசாத மண் மணத்தை உறிஞ்சும், பிறகு மீன்குழம்பு சவர்க்காரம் மணக்கும். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி விற்கும் கடைகளில் கிடைக்கும் மட்டையில் இரண்டு அலை வரிசை இருக்கும், அதாவது ஐந்து தாள். வெளிப்பெட்டிக்கு அதுதான் வேண்டும். போத்தலுக்கு, உள்ளே தடுப்பு மட்டை போட்ட சாராயப் பெட்டியைப்போல வேறொன்றும் வராது. சின்னம்மா அதை வீட்டு வாசல்படி ஏற்ற விடவில்லை. வெளியே எழுத்துத் தெரியாமல் உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி ஒட்டின பிறகுதான் சமாதானமானா.

அவுஸ்திரேலியா போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழம், மரக்கறி, இறைச்சி வந்த பெட்டிகளையும் முட்டைத் தட்டுகளையும் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் பார்க்கும் அந்நாட்டு உயிரியல் பாதுகாப்புத் துறை விரும்புவதில்லை. வைக்கோலும் அப்படித்தான். ஊரில் சட்டிபானை வண்டியில் வைக்கோல் போட்டு அடுக்குவதுதான் வழக்கம், அருமையான வழக்கமும்கூட. ஆனால் விமானம் ஏறும் பெட்டிக்குள் வைக்கோல் வேண்டாம். சட்டியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கனடாவும் மண் உள்ளே வருவதை அனுமதிப்பதில்லை.

சரி, மடிப்புக்கு வருவோம். ஒரு கத்தி, ஒரு அடிமட்டம், ஒரு கரண்டி, பெட்டி ஒட்டும் அகல டேப் போதும். மடிக்கும் கோட்டைக் கத்தியால் கீறாதீர்கள். மேல்தாள் அறுந்தால் அந்த இடத்தில் மட்டைக்கு உயிர் போய்விடும். அடிமட்டத்தை வைத்துக் கரண்டிக் காம்பால் அழுத்தி ஒரு கோடு இழுத்தால், மட்டை அந்தக் கோட்டிலேயே ஒழுங்காக மடியும்.

முதலாவது விசிறி மடிப்பு. 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு, முன்னும் பின்னுமாக விசிறிபோல மடித்தால் ஒரு வில் (ஸ்பிரிங்) கிடைக்கும். இதில் எல்லோரும் பிழைவிடுவது அலையின் திசையில். மடிப்புக் கோடு அலையோடு சேர்ந்து ஓடினால் வில் மெத்தென்று இருக்கும், கண்ணாடிக்கும் சிறு பீங்கானுக்கும் ஏற்றது. கோடு அலையைக் குறுக்கே வெட்டி ஓடினால், ஒவ்வொரு மடிப்பிலும் அலைகள் தூண்போல நிமிர்ந்து நிற்கும், பாரம் தாங்கும். சட்டி, ஜாடிக்கு அப்படி மடியுங்கள். கடை அண்ணை இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்: “பாரமெண்டா தூண் மடிப்பு, கண்ணாடியெண்டா பாய் மடிப்பு.” கையால் அமத்திப் பாருங்கள். லேசாக அமத்தினதுமே படுத்துவிட்டாலும் பிழை, கல்லுப்போல நின்றாலும் பிழை.

இரண்டாவது முக்கோணக் குழாய். ஒரு பட்டியை மூன்றாக மடித்து, விளிம்பை டேப்பால் ஒட்டினால் முக்கோணக் குழாய். பெட்டியின் நான்கு மூலைகளிலும் நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருப்பது மூலைக்குப் போகாது. பெட்டி எங்கே முதலில் அடிவாங்கும் என்று பார்த்தால் பெரும்பாலும் மூலைதான்.

சிமினிக்குத் தனி வேலை. அலையோடு சேர்த்து 2 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு அழுத்தினால் மட்டை வளையத் தொடங்கும். சிமினியை மெல்லிய தாளில் சுற்றி, உள்ளே கசக்கிய தாளை இளக்கமாக வைத்து, இந்த மட்டையைக் குழாயாகச் சுற்ற வேண்டும். உள்ளே இறுக்கித் திணித்தால் கண்ணாடி உள்ளிருந்தே வெடிக்கும். குழாய் சிமினியைவிட இரண்டு பக்கமும் 4 சென்ரிமீற்றர் நீளமாக இருக்க வேண்டும், அந்த இடத்தில் சின்ன விசிறி மடிப்பு ஒன்றைச் செருகிவிடுங்கள். வாய்விளிம்பு எதையும் தொடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

லாம்பின் உடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மண்ணெண்ணெய் மணம் இருந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அது நியாயமும்கூட. திரியைக் கழற்றி எறிந்து, தொட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் பலமுறை கழுவி, நாட்கணக்காக வெயிலில் திறந்து வைத்தேன். அப்படியும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சம்மதிக்காவிட்டால் எரிக்காத புதுலாம்பு ஒன்றை வாங்குவது மேல்.

மண்சட்டியின் வயிறு முட்டையைப்போல, வளைவே அதற்குப் பலம். பலவீனம் விளிம்பில். ஆகவே வயிற்றில் தாங்கவிட்டு விளிம்பை விடுதலையாக விட வேண்டும். ஒரு அகலப் பட்டியை வளையமாக்கி அதற்குள் சட்டியை இருத்தினால் வயிறு மட்டும் பொருந்தி நிற்கும். சட்டிக்குள் சட்டி வைப்பதென்றால் நடுவே தூண் மடிப்புக் கட்டாயம். உள்ளே வெற்றிடம் விடாதீர்கள், கசக்கிய தாள் போடுங்கள். மிளகாய்த்தூள் பொதியைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வெடித்தால் இரண்டும் போச்சு.

படங்களைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் ஒன்றுதான்: கண்ணாடியைக் கழற்றி ஊரிலேயே விட்டுவிடுங்கள். கண்ணாடி எந்த நாட்டிலும் வெட்டி வாங்கலாம், அம்மப்பாவின் படம் ஒன்றுதான் இருக்கிறது. உடையும் கண்ணாடி முதலில் கீறுவதும் அந்தப் படத்தைத்தான். சட்டகத்தோடுதான் வேண்டும் என்றால், இரண்டு மட்டைத் தட்டை ஒன்றின் அலை நிமிர்ந்தும் மற்றதன் அலை படுத்தும் இருக்கும்படி ஒட்டுங்கள். எந்தப் பக்கமும் வளையாத பலகை கிடைக்கும். முன்னும் பின்னும் அப்படியொன்று வைத்து, பெட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்துங்கள், படுக்கவைக்க வேண்டாம். வெளிக்கிட முன் படத்தைக் கைத்தொலைபேசியில் நன்றாகப் பிடித்தும் வையுங்கள்.

போத்தல்கள் கைப்பொதியில் வராது, 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் போத்தலை விடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதானே. நெல்லிரசமோ நல்லெண்ணெயோ, முதலில் பொலித்தீன் பையில் கட்டி, பிறகுதான் மட்டை. எண்ணெய் ஊறின மட்டை சோறுபோல ஆகிவிடும்.

இப்போது பெட்டிக்குள் பெட்டி. எல்லாவற்றையும் சிறு பெட்டியில் அடுக்கி, அதைப் பெரிய பெட்டியில், ஆறு பக்கமும் 5 சென்ரிமீற்றர் இடைவெளி வரும்படி வைத்து, அந்த இடைவெளியை மடிப்புகளால் நிரப்புங்கள். பாரமானது அடியில். மேல்மூடி லேசாக எதிர்த்துக்கொண்டு மூட வேண்டும். பிறகு தூக்கி ஆட்டிப் பாருங்கள். கலகல என்றால், எவ்வளவு களைப்பென்றாலும் திரும்பத் திறக்கத்தான் வேண்டும். நான் இரவு 11 மணிக்கு அப்படித் திறந்தேன். சத்தம் போட்டது சின்னம்மா எனக்குத் தெரியாமல் செருகின புளுக்கொடியல் பை.

அளவையும் எடையையும் முதலே பாருங்கள். பல விமான நிறுவனங்கள் ஒரு பொதிக்கு 23 கிலோவும், நீளம், அகலம், உயரம் கூட்டி 158 சென்ரிமீற்றரும் வைத்திருக்கின்றன. உங்கள் டிக்கெட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. மட்டையே ஒன்றிரண்டு கிலோ பிடிக்கும்.

பெரிய குலுக்கல் விமானத்தில்தான் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 350 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸின் அடிவயிற்றில் உங்கள் பெட்டியின்மேல் அரிசி மூட்டை ஏறலாம். நான் நடத்துநரிடம் கேட்டு மேலே வைப்பித்தேன், முடிந்தால் வான் வண்டி பிடித்துப் போங்கள். மார்கழி விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பாடு, மழை. ஈரம் பட்ட மட்டை பாதிப் பலத்தை இழந்துவிடும். மடித்து முடித்ததைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் கட்டிலில் வையுங்கள், வழிக்குப் பொலித்தீனால் மூடுங்கள்.

டேப்பைக் கண்டபடி சுற்றாதீர்கள். விமான நிலையத்தில் திறக்கச் சொன்னால் திறக்கத்தான் வேண்டும். மேல்பக்கத்தை ஒரு கோட்டில் மட்டும் ஒட்டி, மிச்ச டேப்பைக் கையில் வைத்திருங்கள். அடுக்கும்போது ஒவ்வொரு தட்டையும் படம் பிடித்துவைத்தால், திரும்ப அடுக்கும்போது தடுமாற வேண்டியதில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அதிகாரி அதை வாசித்துவிட்டு, சிமினிக் குழாயை மட்டும் எடுத்துப் பார்த்தார். பழைய சிலை, ஏட்டுச்சுவடி போன்றவற்றைப் பெட்டிக்குள் மறைக்கும் எண்ணமே வேண்டாம், தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவை நாட்டை விட்டு வெளியேற முடியாது.

பொதி ஏற்றும் இடத்தில் ‘உடையும்’ என்ற ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அதை நம்பி மடிப்பைக் குறைக்காதீர்கள். சில இடங்களில் உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்ற சீட்டில் கையெழுத்தும் கேட்பார்கள். வந்திறங்கியதும் பெட்டி நசுங்கியிருந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேற முன்பே திறந்து பார்த்து முறையிடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கைப்படி சேதமான பொதிக்கு 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

என் பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. அந்த மூலையில் இருந்த முக்கோணக் குழாய் தட்டையாகிக் கிடந்தது, உள்பெட்டியில் கீறல்கூட இல்லை. ஒருமுறை நசுங்கின அலை திரும்ப நிமிராது என்பதால் மடிப்புகளை எல்லாம் மீள்சுழற்சிப் பெட்டியில் போட்டுவிட்டேன். சிமினிக் குழாய் மட்டும் நசுங்காமல் இருந்தது. ஆடியில் அண்ணி ஊருக்குப் போகிறா. அதைத் தட்டையாக்கி அவவின் சூட்கேஸில் வைத்துவிட்டேன், மாற்றுச் சிமினி ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.