டெல்டாவில் குடும்பத்தோடு பறவை பார்க்கப் பழகுவது எப்படி?

ஐப்பசி மழை இறங்கி ஏரி குளங்களில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும், சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் திபெத்திலும் கோடையைக் கழித்த பறவைகள் காவிரிப் படுகைக்கு வந்து சேர்கின்றன. மாசி வரை அவை இங்கேயே தங்குகின்றன. டெல்டாவில் வாழும் ஒரு குடும்பம், பாட்டி முதல் பள்ளிக்குப் போகும் பிள்ளை வரை, பெரிய செலவில்லாமல் சேர்ந்து ஈடுபட இதைவிட நல்ல பொழுதுபோக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பலர் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் நாளே வேன் பிடித்துக் கோடியக்கரைக்குப் போய், உச்சிவெயிலில் சதுப்புக்கு அப்பால் அசையும் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். கோடியக்கரை கடைசியாகப் போக வேண்டிய இடம். தொடங்க வேண்டியது வீட்டுக்குப் பக்கத்து வரப்பிலிருந்து.

உள்ளூர்ப் பறவைகளை நன்றாக அறிந்தவருக்குத்தான் புதிதாக வந்த பறவை கண்ணில் படும். எனவே புரட்டாசியிலேயே, மழைக்கு முன், ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் பதினைந்து இருபது பறவைகளைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். மடையான், உண்ணிக்கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, ஆட்காட்டி, மீன்கொத்தி, பனங்காடை என்று பட்டியல் வயலிலும் குளத்திலும் தானாகவே கிடைக்கும். மடையானிலிருந்து தொடங்குவது நல்லது. வாய்க்கால் ஓரத்தில் மண் நிறத்தில் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருக்கும்போது அது இருப்பதே தெரியாது. நாம் நான்கடி நெருங்கியதும் சட்டென்று எழும், அப்போது இறக்கை முழுவதும் வெள்ளைவெளேர் என்று விரியும். உட்கார்ந்திருக்கும் பறவையும் பறக்கும் பறவையும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது நத்தைகுத்தி நாரை. நடவு முடிந்த வயலில் இது கூட்டமாக இறங்கி நத்தை தின்னும். வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. ஆகவே ஒரு கூட்டத்தில் எத்தனை பெரியவை, எத்தனை இளையவை என்று பத்து வயதுப் பிள்ளையால் பிரித்துச் சொல்ல முடியும். கூட்டம் எழுந்து போன பிறகு வரப்பில் நடந்து பார்த்தால், உடையாத நத்தை ஓடுகள் வெறுமையாகக் கிடக்கும். கீழ் அலகின் நுனியை உள்ளே செலுத்தித் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவிக்கொள்வதால்தான் ஓடு முழுதாக நிற்கிறது. அந்த ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து விளக்கினால் பாடம் மறக்காது.

பெயர்களுக்கு முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். "அப்பாயி, இது என்ன குருவி?" என்று பேரப்பிள்ளை கேட்கும்போது, நாற்றங்காலில் வாழ்நாளைக் கழித்தவர்கள் பெயரோடு சேர்த்து, அது எந்த மாதம் வரும், எங்கே அடையும் என்பதையும் சொல்லிவிடுவார்கள். பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது பயன் தரும், ஆனால் அதை இரண்டாவதாகத் திறந்தால் போதும்.

இவ்வளவும் பழகிய பின், வடக்கிலிருந்து வந்தவை தாமாகவே தனித்துத் தெரியத் தொடங்கும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்கள், ஈர வரப்பில் வாலை ஆட்டியபடி ஓடும் மஞ்சள் வாலாட்டி, சேற்றுழவு நடக்கும் வயலின் மேல் தாழ்வாகச் சுற்றும் மீசை ஆலா ஆகிய மூன்றையும் காண எந்தச் சரணாலயத்துக்கும் போக வேண்டியதில்லை.

பைனாகுலர் ஒன்று வாங்குவதாக இருந்தால் 8×42 என்று குறித்திருப்பதை வாங்குங்கள். எட்டு என்பது உருப்பெருக்கம். நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அதிகமாகப் பெருக்கிக் காட்டுவதே சிறந்தது என்று நினைத்துப் பத்து, பன்னிரண்டு என்று வாங்கினால், கை நடுக்கமும் சேர்ந்து பெருகிப் படம் ஆடும். சிறுவர்களுக்கு அது ஒத்துவராது. வாங்கியதும் ஒருமுறை அதைக் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, எழுத்து தெளிவாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்பக்கத்து ரப்பர் விளிம்பைத் தாழ்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். பறவையைத் தேடுவதற்குப் பைனாகுலரைப் பயன்படுத்தக் கூடாது. வெறுங்கண்ணால் பறவையைக் கண்டு, பார்வையை அதன்மேலிருந்து எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பிள்ளைகள் சலித்துக்கொள்வது பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பறவை, எண்ணிக்கை, இவ்வளவு எழுதினால் போதும். பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அதே அளவு இடம் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட வேண்டும். எண்ணுவதைச் சிறியவரிடமும் எழுதுவதைப் பெரியவரிடமும் ஒப்படைத்தால் சண்டை வராது.

முதல் வெளியூர்ப் பயணத்துக்கு வடுவூரைத்தான் சொல்வேன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டரில், சாலையை ஒட்டியே ஏரி இருக்கிறது. பேருந்திலேயே போய் இறங்கலாம். பாசன ஏரியாகிய இது 1999இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கார்த்திகை முதல் தை வரை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்குள் கரையில் இருக்கும்படி கிளம்புங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றால்தான் பறவைகளின் நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். நீண்ட கூரிய வாலுடைய ஊசிவால் வாத்து, அகன்று தட்டையான அலகுடைய தட்டைவாயன், சிறிய கிளுவை வகைகள் ஆகியவற்றைத் தேடுங்கள். திடீரென்று ஏரியின் ஒரு பக்கத்து வாத்துகள் அனைத்தும் ஒன்றாக எழுந்தால், வாத்துகளைப் பார்க்காமல் அவற்றுக்கு மேலே பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணல் மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதுவும் குளிர்காலத்துக்கு இங்கு வருவதுதான்.

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிடும் இடத்தைக் கரையிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, இலையையும் தண்ணீர் பாட்டிலையும் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். வரப்பிலும் கரையிலும் பாம்பு இருக்கும் என்பதால் செருப்பைவிட ஷூ நல்லது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தவர்களுக்கு உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் அருகில் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில், இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்தைக் காணலாம். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருப்பதால் அதை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

இரண்டு மூன்று முறை ஏரிகளுக்குப் போய்ப் பழகிய பிறகு கோடியக்கரைக்குப் புறப்படலாம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடற்கரை மேற்காகத் திரும்பும் முனையில், 1967இல் வெளிமானைக் காப்பதற்காக இந்தச் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2002இல் ராம்சர் தகுதி கிடைத்தது. ஒரே நாளில் காட்டையும் சதுப்பையும் பார்த்துவிட முயல வேண்டாம். முந்தைய நாள் மாலையே வேதாரண்யம் வந்து தங்கி, சாலை நிலையையும் அனுமதியையும் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். மழைக்குப் பிறகு சதுப்புப் பாதை வண்டிகளை விழுங்கிவிடும். விடியற்காலை சதுப்புக்கும், வெயில் தாழ்ந்த பின் புல்வெளிக்கும் என்று வைத்துக்கொண்டால், காலையில் பூநாரையும் மாலையில் வெளிமானும் கிடைக்கும். பூநாரை இந்தியாவில் குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் பறவை; இங்கே இரை தேடித்தான் வருகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் இருப்பவை இளையவை, உண்ணும் இரையிலுள்ள நிறமிதான் வளர்ந்தவற்றுக்கு அந்தச் சிவப்பைத் தருகிறது.

பூநாரையைப் பார்த்ததும் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக்கொள்வேன். தண்ணீர் வடிந்த சேற்றில், சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான்கள் தையல் எந்திரத்தின் ஊசியைப் போல அலகால் குத்திக்கொண்டே ஓடும். ஆர்க்டிக் ஓரத்துச் சமவெளியில் முட்டையிட்டுப் பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, இருபத்தைந்து கிராம் எடையுள்ள அந்த உடல் நம் மாவட்டத்துச் சேற்றுக்கு வந்திருக்கிறது. கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அவை நம் பக்கமாகவே மேய்ந்து வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்குக் கால் வளையம் இட்டு ஆய்ந்து வருகிறது. வளையம் உள்ள பறவை கண்ணில் பட்டால் அதன் நிறத்தையோ எண்ணையோ குறித்து வனத்துறையிடம் தெரிவியுங்கள். காட்டுப் பகுதியில் குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்க வேண்டாம்.

கைதட்டி, கல்லெறிந்து பறவைகளை எழுப்பிப் படம் எடுப்பதைப் பிள்ளைகள் ஒருபோதும் செய்யக் கூடாது. இரை தேடும் நேரத்தில் ஒவ்வொரு முறை எழும்போதும், திரும்பிப் போகும் பயணத்துக்காக உடலில் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெல்டாச் சாலைகளில் கொக்கும் மடையானும் உள்ளானும் கறிக்காக விற்கப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வாங்காதீர்கள், ஏன் வாங்குவதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், வலை கட்டியிருப்பதைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தை பிறந்ததும், பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில், தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றோ நடந்தோ, கண்ட பறவைகள் அனைத்தையும் எண்ணி, பறவைப் பட்டியல்களைப் பதிவுசெய்யும் இ-பேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். அரிய பறவைகளை மட்டும் எழுதாமல் காகம், மைனா, மணிப்புறாவையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுப் பட்டியலாகும். மாட்டுப் பொங்கலன்று உறவினர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். காலையில் மாடு குளிப்பாட்டக் குளத்துக்குப் போகும்போதே நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.