குற்றவியல் தீர்ப்பைப் படித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

குற்றவியல் நீதி, குற்றவியல், சட்டம் என்று எதில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரிலேயே ஒரு வேலை தலையில் விழும்: "இந்தத் தீர்ப்பைப் படித்து கேஸ் பிரீஃப் (தீர்ப்பின் ஒரு பக்கச் சுருக்கக் குறிப்பு) எழுதிக்கொண்டு வாருங்கள்." எப்படி எழுதுவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் செய்யும் முறையைக் கீழே தருகிறேன். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, மேல்முறையீடு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தீர்ப்பை எடுப்பது

தேர்வு உங்கள் கையில் இருந்தால் சின்னத் தீர்ப்பாக எடுங்கள். நான் எல்லாருக்கும் சொல்வது 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விர்சா சிங் எதிர் பஞ்சாப் மாநிலம். வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து, குத்துப்பட்டவர் மறுநாள் இறந்துவிடுகிறார், இது கொலையா? அவ்வளவுதான் வழக்கு.

தேடுவதற்கு இந்தியன் கானூன் தளம் போதும், வேகமாகவும் இருக்கிறது. ஆனால் பக்கம், பத்தி எண் போட்டு மேற்கோள் காட்டும்போது உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் உள்ள பிடிஎஃப்பையே பயன்படுத்துங்கள். அதுவும் இலவசம்தான். தீர்ப்புக்கு மேலே இருக்கும் தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். அது பதிப்பாளர்கள் எழுதிச் சேர்ப்பது, தீர்ப்பின் பகுதி அல்ல.

படி 2: கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

மேல்முறையீடு தள்ளுபடியா, அனுமதியா, மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பினார்களா என்பதை முதலில் பாருங்கள். முடிவு தெரிந்துவிட்டால், யாருடைய வாதம் நிற்கவில்லை என்பது படிக்கப் படிக்கப் புரியும். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன என்று தேடுங்கள். விர்சா சிங் வழக்கில் குத்தியது யார் என்பது கேள்வியே இல்லை. உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உண்மைகளின்படி எந்தக் குற்றம் ஆகிறது என்பதற்கு மட்டுமே மேல்முறையீட்டு அனுமதி. இதைக் கவனிக்காதவர்கள் சாட்சிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவார்கள்.

படி 3: பேசுவது யார்?

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

நம் தீர்ப்புகளில் பல குரல்கள் இருக்கும். கீழ் நீதிமன்றம் சொன்னது, மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் சொன்னது, அரசுத் தரப்பு சொன்னது, பழைய தீர்ப்புகளிலிருந்து எடுத்த நீண்ட மேற்கோள்கள் எல்லாம் வந்த பிறகுதான் இந்த நீதிமன்றம் தன் கருத்தைச் சொல்லும். எல்லாமே அதே கம்பீரமான நடையில் இருப்பதால், வழக்கறிஞரின் வாதத்தைத் தீர்ப்பு என்று எழுதிவிடுவது மிகச் சுலபம்.

விர்சா சிங்கிலேயே பாருங்கள். மரணத்தை விளைவிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்ததாக அரசு நிரூபிக்கவில்லை, ஆகவே இது கொலை ஆகாது என்பது மேல்முறையீட்டாளரின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறிப்பிட்ட அந்தக் காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கும் குற்றம் சாட்டப்பட்டவரின் நோக்கத்துக்கும் சம்பந்தமில்லை, அதை மருத்துவச் சான்று முதலியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாதத்தை எடுத்து எழுதினால் உங்கள் குறிப்பு தீர்ப்புக்கு நேர் எதிராகப் போய்விடும்.

இதற்கு என் வழி: தீர்ப்பை அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் எழுத்து. மேல்முறையீட்டாளர் என்றால் 'மே', அரசு 'அ', கீழ் நீதிமன்றம் 'கீ', பழைய தீர்ப்பு 'ப', இந்த நீதிமன்றம் 'நீ'. 'நீ' பத்திகள் மட்டும்தான் 'காரணம்' என்ற தலைப்புக்குள் போகும். 'ப' வந்தால் மேற்கோளுக்கு அடுத்த வாக்கியத்தை விடாதீர்கள். ஏற்கிறார்களா, இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று வேறுபடுத்துகிறார்களா என்பது அங்கேதான் இருக்கும். திரையில் மஞ்சள் பூசுவது எனக்குப் பிடிக்காது, கடைசியில் முழுப் பக்கமும் மஞ்சளாகிவிடும். சுருக்கித் தரும் செயலிகளை நம்பினாலும் இதே சிக்கல்தான், வாதத்தையும் முடிவையும் குழப்பிவிட வாய்ப்பு உண்டு.

படி 4: பிரிவு எண்கள்

2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் (இந்திய தண்டனைச் சட்டம்) பதில் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா), சிஆர்பிசிக்குப் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பதில் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பிஎஸ்ஏ (பாரதிய சாக்ஷ்ய அதினியம்). பழைய தீர்ப்பில் உள்ள எண்ணை அப்படியே விட்டு, பக்கத்தில் புதியதைக் குறியுங்கள். கொலை எது என்று சொல்லும் ஐபிசி 300 இப்போது பிஎன்எஸ் 101. விர்சா சிங் பேசும் மூன்றாவது கூறு 101(c). கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்குப் போய்விட்டது. பிஎன்எஸ்ஸிலும் 302 உண்டு, ஆனால் அது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தில் பேசுவது பற்றியது.

இன்னும் மோசமான குழி 482. சிஆர்பிசியில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் (நீதி காக்கத் தேவையான உத்தரவுகளைப் பிறப்பிக்கும் அதிகாரம்), பிஎன்எஸ்எஸ்ஸில் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528க்கு நகர்ந்துவிட்டது. எண்ணை மட்டும் எழுதாமல் சட்டத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

குற்றம் நடந்த தேதி 2024 ஜூலை 1க்கு முன் என்றால், தீர்ப்பு எப்போது வந்தாலும் குற்றத்துக்கு ஐபிசிதான்.

படி 5: எழுதுவது

வழக்கின் பெயர், ஆண்டு, எத்தனை நீதிபதிகள் கொண்ட அமர்வு. உண்மைகள் நான்கு வரி. கேள்வி ஒரே வாக்கியம். முடிவு, காரணம். கடைசியில் உங்களுக்கு ஒப்பாத ஒரு புள்ளி, அதை விட்டுவிடாதீர்கள். காரணத்துக்கு மட்டும் பாதிப் பக்கம் கொடுங்கள்.

பின்சேர்க்கை: நீதிபதிகள் தனித்தனியாக எழுதியிருந்தால் எதை எடுப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பான்மையைத்தான். மாறுபட்ட தீர்ப்புக்கு இரண்டு வரி போதும். மரண தண்டனை பற்றிய பச்சன் சிங் வழக்கில் கவனம் தேவை. பெரும்பான்மைத் தீர்ப்பு 1980இல் வந்தது, நீதிபதி பகவதியின் மாறுபட்ட தீர்ப்பின் காரணங்கள் 1982இல் வந்தன. தேடும்போது 1982 என்று கிடைத்தால் நீங்கள் படிப்பது மாறுபட்ட தீர்ப்பை.

இன்னொன்று: உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வருகிறது. புரிந்துகொள்ள நன்றாக உதவும். மேற்கோளை மட்டும் ஆங்கில மூலத்திலிருந்தே எடுங்கள், அதிகாரபூர்வமானது அதுதான்.