தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோருமாக எஸ்ஸன் நகருக்கு: வார இறுதித் திட்டம் போடுவது எப்படி?

பெற்றோர் ஊரிலிருந்து ஜெர்மனிக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் வீட்டில் இந்தப் பேச்சு வரும்: இந்த வாரம் எங்கே போகலாம்? கொலோன் தேவாலயம் பார்த்தாயிற்று, ரைன் நதியில் படகும் போயாயிற்று. இப்படிக் கேட்கிறவர்களிடம் நான் எஸ்ஸன் போகச் சொல்கிறேன். "அது நிலக்கரி ஊர் ஆயிற்றே" என்பார்கள். நான் சொல்வதே அதனால்தான். எஸ்ஸனிலும் பக்கத்து ரூர் பகுதி ஊர்களிலும் மூடிய சுரங்கங்களையும் உருக்காலைகளையும் இடிக்காமல் பூங்காவாகவும் அருங்காட்சியகமாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஓடியாடப் பரந்த வெளி இருக்கிறது, பல வளாகங்களுக்குள் நுழையக் கட்டணமே இல்லை. ஆறு வயதுப் பேரனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்று அதே ஆர்வத்தோடு பார்க்கிற இடங்கள் வேறு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் இவை ஆட்கள் உலாவுவதற்குக் கட்டிய இடங்கள் அல்ல. கரியும் இரும்புத் தாதும் மேலே ஏறி, பிரிந்து, கீழே இறங்குவதற்காகக் கட்டியவை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று போடுகிற வழக்கமான கணக்கு இங்கே பாதிதான் உதவும். மீதிப் பாதி உயரக் கணக்கு. இந்தப் பதிவில் அதிக இடம் அதற்குத்தான்.

ரயில் டிக்கெட் எடுப்பது, ஓட்டல் பதிவு செய்வது போன்றவை உங்களுக்குத் தெரிந்ததே, அதற்குள் போகவில்லை.

படி 1: ஆட்களின் பட்டியல்

ஒரு தாள் எடுத்து வருகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே: உட்காராமல் எவ்வளவு நேரம் நடப்பார், படி ஏறுவாரா, உயரம் என்றால் பயமா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும். அப்பா அம்மாவிடம் நேராகக் கேட்டால் "எனக்கென்ன, நான் நன்றாக நடப்பேன்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். முந்தின வாரம் கடைக்குக் கூட்டிப்போகும்போது பக்கத்திலேயே நடந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

எஸ்கலேட்டரில் ஏறுவாரா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். காரணம் படி 3-இல்.

படி 2: தங்குமிடம்

இரண்டு இரவும் ஒரே இடம். எஸ்ஸன் முதன்மை ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், சின்னச் சமையலறையோடு. பழைய குடியிருப்புகள் அழகாக இருக்கும், வாடகையும் குறையும், ஆனால் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. விளம்பரத்தில் லிஃப்ட் பற்றிப் பேச்சே இல்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இதில் யோசிக்க எதுவும் இல்லை.

படி 3: உயரக் கணக்கு

முதலில் ட்சோல்ஃபெரைன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க வளாகம். எஸ்ஸனுக்கு வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போகக்கூடாது. இங்குள்ள 12-ஆம் சுரங்கக் குழி 1932-இல் வேலையைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 12,000 டன் கரி எடுக்கும் திறனோடு ஷுப், கிரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. 1986 டிசம்பரில் மூடினார்கள், எஸ்ஸனின் கடைசிச் சுரங்கம் அது. பக்கத்திலிருந்த கோக் ஆலை (நிலக்கரியைச் சூடாக்கி, உருக்காலைக்கு வேண்டிய கோக் என்ற எரிபொருளாக மாற்றும் ஆலை) 1993 வரை ஓடியது. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. படங்களில் பார்த்திருப்பீர்கள், 55 மீட்டர் உயரத்தில் நான்கு கால் ஊன்றி நிற்கும் அந்த இரும்புக் கோபுரம்.

கோபுரத்துக்கு அருகே, கரியைக் கழுவிப் பிரித்த பெரிய கட்டடம் இருக்கிறது. 2010-இலிருந்து ரூர் அருங்காட்சியகம் அதற்குள்தான். கரி அந்தக் கட்டடத்தின் உச்சிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு தளமாக இறங்கி வந்தது. பார்வையாளர்களுக்கும் அதே வழிதான். ஆரஞ்சு நிற விளக்கொளியில் மிக நீண்ட எஸ்கலேட்டர் ஒன்று தரையிலிருந்து 24 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும். நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடம் அங்கே மேலே இருக்கிறது. அங்கிருந்து 17, 12, 6 மீட்டர் தளங்கள் என்று கண்காட்சி கீழ்நோக்கி வரும்.

பிள்ளைகளுக்கு அந்த எஸ்கலேட்டரே பெரிய கொண்டாட்டம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு எஸ்கலேட்டர் என்றாலே கால் நகராது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் எப்போது கால் வைப்பது என்று தயங்கி நிற்பார்கள். பின்னால் ஆட்கள் சேரச் சேரப் பதற்றம் கூடும். எங்கள் வீட்டிலும் பயணம் அங்கேதான் நின்றது. தீர்வு எளிது: அதே கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. எஸ்கலேட்டரின் பிரமாண்டத்தில் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அதனால் எஸ்கலேட்டருக்கு எதிரே போய் நிற்பதற்கு முன்பே பெரியவர்களை லிஃப்ட் பக்கம் கூட்டிப்போய்விடுங்கள். ஒருமுறை தயங்கி நின்றுவிட்டால், "உங்களால் எல்லோருக்கும் தாமதம்" என்று யாரும் சொல்லாமலே அவர்களாக நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் ஒடுங்கிவிடுவார்கள்.

மேலே போனபிறகு மூன்று தளங்களையும் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கால் தாங்காது. தொழிற்காலத்தின் கதை 6 மீட்டர் தளத்தில் இருக்கிறது. தாத்தா ஆலை, ரயில்வே, மின்வாரியம் என்று எங்காவது வேலை பார்த்தவர் என்றால் லிஃப்டில் நேராக அங்கே போய்விடுங்கள். பொருள்களின் பெயர்ப்பலகையை நீங்கள் படித்துச் சொல்லத் தேவையிருக்காது, அவரே பிள்ளைகளுக்கு விளக்கத் தொடங்கிவிடுவார். இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் நேரம் அதுதான். குறுக்கே போகாதீர்கள்.

அடுத்தது டூயிஸ்பர்க்கின் வடக்கில் உள்ள லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க். 1985-இல் மூடிய இரும்பு உருக்காலை, 1994-இல் பூங்காவாகத் திறந்தது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் திறந்திருக்கும். எரிவாயு வைத்திருந்த தொட்டியில் நீர் நிரப்பி ஆழ்நீச்சல் பழகுகிறார்கள். தாது கொட்டி வைத்த அறைகளின் கான்கிரீட் சுவர்களில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. தரைமட்டப் பாதைகள் அகலமானவை, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் சிரமமில்லாமல் போகும்.

கவனம் தேவைப்படுவது 5-ஆம் ஊதுலையில், அதாவது இரும்புத் தாதை உருக்கிய உயரமான உலையில். ஏறக்குறைய 70 மீட்டர் உயரம் வரை ஏறலாம், படிக்கட்டு மட்டும்தான். அதுவும் இரும்புக் கம்பிவலைப் படி, காலுக்குக் கீழே தரை அப்படியே தெரியும். உயரத்துக்குப் பயப்படாதவர்களுக்கும் அங்கே தலை சுற்றலாம். கைத்தடியின் நுனி கம்பி இடைவெளிக்குள் இறங்கிவிடும், செருப்பு மாட்டிக்கொள்ளும். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் ஒரே கண்ணாடியில் வைத்திருப்பவர்களுக்குக் குனிந்து படியைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். ஆகவே தாத்தா பாட்டி கீழே, சரி. ஆனால் பெற்றோரில் ஒருவரும் கீழேயே இருக்கவேண்டும். புதிய இடத்தில், மொழி தெரியாத ஊரில், இரண்டு பெரியவர்களைத் தனியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உயரத்திலிருந்து பார்க்கும் ஆசை பெரியவர்களுக்கும் இருந்தால் ஓபர்ஹவுசன் காசோமீட்டர் இருக்கிறது. 1929-இல் கட்டி முடித்த எரிவாயுக் கொள்கலன், உயரம் 117.5 மீட்டர், உள்ளே லிஃப்ட். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மூடியிருக்கும். தேதி பார்க்காமல் கிளம்பவேண்டாம்.

படி 4: இரண்டு அணிகள்

எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போகவேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் சேர்ந்து, பிறகு இரண்டு அணி, சாப்பாட்டுக்கு மறுபடி ஒன்றாக. சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே நேரில் காட்டிவிடுங்கள். "கோபுரத்தின் கீழே" என்று சொன்னால் போதாது, எந்தப் பெஞ்ச் என்று கைநீட்டிக் காட்டுங்கள்.

ட்சோல்ஃபெரைனில் இப்படிப் பிரிவது எளிது. சுரங்கப் பகுதிக்கும் கோக் ஆலைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கோடை விடுமுறையில் கோக் ஆலைப் பக்கம் ஒரு சின்ன நீச்சல் தொட்டி திறப்பார்கள், கப்பல் கன்டெய்னர்களை வைத்துச் செய்தது. சில குளிர்காலங்களில் கோக் அடுப்புகளை ஒட்டிப் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி விளையாடும் தடமும் இருக்கும். பிள்ளைகள் அங்கே, பெரியவர்கள் அருங்காட்சியகத்தில்.

படி 5: போக்குவரத்து

முதன்மை ரயில் நிலையத்திலிருந்து 107-ஆம் எண் டிராம் ட்சோல்ஃபெரைன் வாசலிலேயே இறக்கிவிடும். டூயிஸ்பர்க்கில் பூங்காவுக்கு 903. எஸ்ஸன் நிலையத்தில் டிராம் நிறுத்தம் நிலத்துக்கடியில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். லிஃப்ட் பழுதாகியிருந்தால் தள்ளுவண்டியோடு படியில் இறங்க வேண்டியிருக்கும். ரயில் நிலையங்களின் லிஃப்ட் ஓடுகிறதா என்று ஜெர்மன் ரயில்வேயின் இணையதளத்தில் பார்க்கலாம், அன்று காலையில் பாருங்கள். படியில்லாத நுழைவும் கழிப்பறையும் எங்கே என்று அறிய எனக்குப் பிடித்தது வீல்மேப், சக்கர நாற்காலி போகக்கூடிய இடங்களைக் காட்டும் இணைய வரைபடம். சாதாரண வரைபடச் செயலிகளைவிட இந்த விஷயத்தில் நம்பகமாக இருக்கிறது. கூகுள் காட்டும் நடைநேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் 24 மணி நேரச் சீட்டு குடும்பத்துக்கு வசதி. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம்.

திட்டத்தைப் பகிர எக்செல் கோப்பெல்லாம் வேண்டாம். பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள், அதன் கீழே தங்குமிட முகவரி ஜெர்மனில். அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று, அம்மாவின் கைப்பையில் ஒன்று.

படி 6: ஞாயிறை வேறு மாதிரி நினையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும் என்பது இங்கே இருக்கும் நமக்குப் பழகிவிட்டது, வந்திருப்பவர்களுக்கு அல்ல. பால், தயிர், அரிசி, பழம், தேவையான மாத்திரை எல்லாம் சனி மாலைக்குள் வாங்கிவிடுங்கள். ரயில் நிலையக் கடைகள் சில திறந்திருக்கும், கூட்டமும் விலையும் அதிகம்.

ஞாயிறு காலைக்கு நான் சொல்வது பால்டனை ஏரி. எஸ்6 ரயிலில் எஸ்ஸன் ஹ்யூகல் நிறுத்தத்தில் இறங்கினால் ஒரு பக்கம் ஏரிக்கரை, மறுபக்கம் மேட்டின்மேல் குருப் குடும்பம் 1873-இல் கட்டி முடித்த மாளிகை. எஃகு விற்றுச் சேர்த்த பணத்தில் 269 அறைகள். சுரங்கத்தை முந்தின நாளும் எஃகு முதலாளி ஒருவரின் வீட்டை மறுநாளும் பார்ப்பதுதான் சரியான வரிசை. சனிக்கிழமை பார்த்த கரியும் வியர்வையும் மனதில் இருக்கும்போதுதான் அந்த வீட்டின் அளவு உறைக்கும். நிறுத்தத்திலிருந்து மாளிகைக்கு ஏற்றம், முட்டிவலி உள்ளவர்களை டாக்ஸியில் அனுப்பிவிடுங்கள்.

பிறகு சேர்த்தவை

லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் இரவு விளக்குகளைப் பிள்ளைகளோடு பார்க்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வார இறுதி இரவுகளில் உலைகள் மேல் வண்ண விளக்கு எரியும், ஆனால் இருட்டியபிறகுதான். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே ஏறக்குறைய இரவு பத்து மணி ஆகும், அதற்குள் சின்னப் பிள்ளைகளும் பாட்டியும் தூங்கிவிடுவார்கள். அக்டோபரில் போங்கள். அப்போது சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே இருட்டிவிடும். காதுக்குத் துணி, கைக்கு உறை கட்டாயம். திறந்த வெளியில் காற்று பலமாக அடிக்கும்.

ட்சோல்ஃபெரைன் சுரங்க வளாகத்தின் உள்ளே அழைத்துப்போகும் வழிகாட்டிச் சுற்றுலாவில் சேரலாமா என்றும் கேட்டார்கள். கரி போன வழியிலேயே கூட்டிப்போவார்கள், மிக நன்றாக இருக்கும், படிகளும் நிறைய. படி ஏறக்கூடியவர்களுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஒரு வாசகர், ஞாயிறன்று அவருடைய தந்தையின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய் அலைந்ததை எழுதியிருந்தார். முறைவைத்து ஒரு மருந்தகம் எப்போதும் திறந்திருக்கும். எந்த மருந்தகத்துக்குப் போனாலும், அருகில் திறந்திருப்பது எது என்ற அறிவிப்பு கதவில் ஒட்டியிருக்கும். உயிராபத்து இல்லாத, ஆனால் காத்திருக்க முடியாத மருத்துவ உதவிக்கு 116117, உயிராபத்து என்றால் 112. ஊரிலிருந்து வரும்போது விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டுத் தாளின் நகலையும், மாத்திரைகளின் மூலப்பெயர் எழுதிய சீட்டையும் அந்தத் திட்டத் தாளோடு சேர்த்து மடித்து வையுங்கள். ஊரில் விற்கும் வணிகப் பெயரைச் சொன்னால் இங்குள்ள மருந்தகங்களில் தெரியாது.