வாரண்டி முடிந்தபின் மடிக்கணினித் திரை பழுதானால்

திரையில் கோடுகளோ, அடிப்பகுதியில் மேடை விளக்குகளைப் போன்ற ஒளித்திட்டுகளோ தோன்றினால், திரையையே மாற்றச் சம்மதிப்பதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மூலம் மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைக்கும்போது படம் தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் பழுது திரையிலோ அதன் கேபிளிலோதான் இருக்கும். அடுத்து மூடியை மெல்லத் திறந்து மூடுங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வெளிச்சம் மறைந்து திரும்பினால், கீல் அருகே மடிந்து நிமிரும் கேபிள் தேய்ந்திருக்கக்கூடும்.

ஆப்பிள் 2016இல் வெளியிட்ட 13 அங்குல மேக்புக் புரோ மாடல்களில் நேர்ந்தது இதுவே. பலருக்கு வாரண்டி முடிந்த பிறகே குறை தெரியவந்தது. 2019 மே மாதத்தில் அந்நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்ததோடு, ஏற்கெனவே பணம் செலுத்திச் சரிசெய்தவர்கள் அதைத் திரும்பக் கேட்கவும் வழி செய்தது. ஆகவே எந்த நிறுவனத்தின் கணினியாக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் மாடலுக்கு இத்தகைய திட்டம் உண்டா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். இந்த ஒரு வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பழுதுநீக்கியதற்கான ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

திரையை மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய திரையின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் திரைகளிலும் கேபிளைச் செருகும் இணைப்பானில் உள்ள சிறு உலோக முனைகளின் (pin) எண்ணிக்கை 30, 40 என மாறுபடும்.