கிளவுட் ட்ரைவ் உள்ள கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கலியாண போட்டோ, வீடியோ எடுக்கிற தம்பிமார் பலரும் இப்போது கூகுள் ட்ரைவ் அல்லது ஒன்ட்ரைவை மெஷினில் ஒரு ட்ரைவாகவோ போல்டராகவோ வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். அந்த மெஷின்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் விட்ட அதே பிழைகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசையாக விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சேவ் பண்ண மறப்பது, சார்ஜர் இல்லாமல் அப்டேட் கொடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொப்பி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

ஸ்ட்ரீம் முறையில் (பைல்கள் இணையத்தில் இருக்க, தேவையானது மட்டும் மெஷினுக்கு இறங்கும் முறை) ஓடும் கூகுள் ட்ரைவ் வழக்கமாக ஜி என்ற எழுத்தோடு வரும், பார்வைக்கு ஹார்ட் டிஸ்க் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதில் போடும் பைல் முதலில் போய் உட்காருவது உங்கள் சி ட்ரைவில், ட்ரைவ் எஃப்எஸ் என்ற போல்டருக்குள். அங்கிருந்துதான் ஒவ்வொன்றாக மேலே ஏறும். 32 ஜிபி கார்ட் ஒன்றைக் கொப்பி பண்ண நல்ல ரீடரில் பத்து நிமிடம் கூடப் போகாது. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் அதே 32 ஜிபி மேலே ஏற ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பச்சைக் கோடு நிறைந்து பெட்டி மறைந்ததும் கார்டை போர்மட் அடித்துவிட்டு அடுத்த கலியாண வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், ஏனென்றால் அந்த ஏழு மணி நேரமும் ஏறி முடியாத படங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிரதி, அதுவும் யார் கண்ணிலும் படாத ஒரு போல்டரில்.

இந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆனால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பைல் டிஸ்க்கில்தான் இருக்கிறது, மெஷின் எழும்பியதும் மிச்சம் தானாக ஏறும். காரியம் கெடுவது அதற்குப் பிறகு. கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவருக்கு அப்லோட் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டொப் இறுகிவிட்டது. ரீஸ்டார்ட் கொடுத்தார். எழும்பியபின் ஜி ட்ரைவைக் காணவில்லை. ஏதோ வீடியோவில் சொன்னார்கள் என்று ட்ரைவ் எஃப்எஸ் போல்டரை அப்படியே அழித்துவிட்டு ஆப்பைத் திரும்பப் போட்டிருக்கிறார். ஜி ட்ரைவ் அழகாக வந்தது, கலியாண போல்டரும் இருந்தது, படங்கள் மாப்பிள்ளை அழைப்போடு நின்றுவிட்டன. "அண்ணா, ட்ரைவ்ல போட்டனான் தானே, கூகுள்ல கேட்டு எடுக்க ஏலாதா?" என்றார். கூகுளிடம் போய்ச் சேராததைக் கூகுளிடம் எப்படிக் கேட்பது? கார்டில் அதற்குள் ஒரு பூப்புனித நீராட்டு விழா ஏறியிருந்தது, ரிகவரியில் வந்தவை பாதி சாம்பல் நிறமாக உடைந்த கொஞ்சப் படங்கள். பொம்பிளை வீட்டாருக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வார்?

ஆகவே ட்ரைவ் வரவில்லை என்றால் அந்த போல்டரில் கை வைக்காதீர்கள், கணக்கையும் துண்டிக்காதீர்கள். உள்ளே பைல்கள் பெயரில்லாமல் வெறும் எண்களாகக் கிடக்கும், பார்த்தால் குப்பை என்றுதான் தோன்றும், உங்கள் படங்கள் அதற்குள்தான். சி ட்ரைவில் இடம் இருக்கிறதா, இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்து ஆப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் முதலில் அந்த போல்டர் முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுங்கள், அப்புறம் எதையும் செய்யலாம்.

ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் டாஸ்க்பாரில் உள்ள ட்ரைவ் ஐகானைத் திறந்து ஏற வேண்டியது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு விடாமல் போனில் வைபையை நிறுத்தி, டேட்டாவில் ட்ரைவைத் திறந்து, கடைசிப் படம் முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை கார்ட் போர்மட் கிடையாது. கிளவுடை ட்ரைவாக இணைக்கும் ஆர்க்ளோன் (rclone) என்ற ஆப் பாவிப்பவர்களுக்கும் இதேதான்: ரைட் கேச் (ஏறும்வரை பைலை டிஸ்க்கில் வைக்கும் இடம்) போட்டு மவுண்ட் பண்ணியிருந்தால், ஏறாமல் நின்றவை அடுத்த முறை அதே அமைப்புகளோடு ஓட்டினால்தான் ஏறும். கேச் இடத்தை மாற்றி ஓட்டினால் அவை பழைய இடத்திலேயே கிடக்கும்.

"ரீஸ்டார்ட் எனிவே"

ஏதாவது ஆப் இன்னும் மூடாமல் இருந்தால் ரீஸ்டார்ட் கொடுக்கும்போது விண்டோஸ் இந்தப் பட்டனைக் காட்டும். அழுத்தாதீர்கள். கேன்சல் கொடுத்து எந்த ஆப் மறிக்கிறது என்று பாருங்கள்.

ரூட்டரை மறந்துவிடுவது

கரண்ட் போனால் லேப்டொப் பட்டரியில் ஓடும், ரூட்டர் நின்றுவிடும். நீங்கள் கொப்பி பண்ணிக்கொண்டே இருப்பீர்கள், மேலே ஒன்றும் ஏறாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது பலர் ரூட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தார்கள். அந்தப் பட்டரிகளில் பல இப்போது செத்திருக்கும், ஒருமுறை பிளக்கைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள்.

விண்டோஸ் அப்டேட்டை அதன் போக்கில் விடுவது

இரவு முழுக்க அப்லோட் போட்டுவிட்டுப் படுப்பவர்களுக்கு இது. அப்டேட்டுக்காக விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகாத நேரமான ஆக்டிவ் அவர்ஸை அதிகபட்சம் 18 மணி நேரம் வரை வைக்கலாம், இரவையும் அதற்குள் கொண்டுவாருங்கள். பெரிய வேலை உள்ள கிழமையில் அப்டேட்டையே நிறுத்தி வையுங்கள்.

ஷட்டவுன் போட்டால் போதும் என்று இருப்பது

போதாது. பாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் மெஷினில் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வரும். ட்ரைவ் அடம்பிடித்தால் ரீஸ்டார்ட்தான் வேண்டும்.

எழும்பியவுடனே லைட்ரூமைத் திறப்பது

ஜி ட்ரைவ் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். அதற்குள் படங்களைத் திருத்தும் ஆப்பான லைட்ரூமைத் திறந்தால் போல்டர்களில் கேள்விக்குறி விழும், பதற்றத்தில் வேறு போல்டரைக் காட்டி இணைத்துவிடுவார்கள், பிறகு எது எங்கே என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். ட்ரைவ் வந்த பிறகு லைட்ரூமை மூடித் திறங்கள், கேள்விக்குறி தானாகப் போய்விடும்.