பேச்சாளரை அழைத்து நிதி திரட்டும் விழா: எங்கே பணம் நழுவுகிறது?

அரசுப் பள்ளிக்கு நூலகம் கட்ட 5 லட்சம் ரூபாய் வேண்டும். முன்னாள் மாணவர்கள் கூடி, பேர்பெற்ற பேச்சாளர் ஒருவரை அழைத்து விழா எடுக்கிறார்கள். 300 பேர் வருகிறார்கள், கைதட்டுகிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். உண்டியலைத் திறந்தால் செலவுக்கே காணாது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நன்கொடை கேட்பதை நன்றியுரையோடு சேர்த்துவிடுவது. அதற்குள் பாதி நாற்காலி காலி.

இலக்கில் பாதியை விழாவுக்கு முன்பே பேசி முடியுங்கள். 25 பேர் தலா 10,000 தர ஒப்புக்கொண்டால் இரண்டரை லட்சம். "பாதி வந்தாச்சு, மீதிக்குத்தான் உங்களைக் கேட்கிறோம்" என்று மேடையில் சொல்ல முடிந்தால் தயங்குகிறவர்களும் தருவார்கள். மொத்தச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டாம். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் எளிதில் கிடைக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். சாப்பாட்டுச் செலவை யாராவது ஒருவரை ஏற்றுக்கொள்ளச் செய்வது நல்லது.

பேச்சாளரிடம் சன்மானம், வண்டி, தங்கும் இடம் மூன்றையும் முதல் பேச்சிலேயே தெளிவாகக் கேளுங்கள். நல்ல காரியம்தானே, சும்மா வருவார் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எதற்காக, எவ்வளவு வேண்டும், எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி 2 வாரம் முன்பே அனுப்புங்கள். அது கையில் இல்லாதவர் எங்கும் பேசும் பேச்சைத்தான் இங்கும் பேசுவார். பள்ளியின் பேரே வராது. ஒரு பேச்சாளர் போதும். 'முன்னிலை' என்று அழைப்பிதழில் போட்ட ஐந்து பேரும் மைக்கைப் பிடித்தால் விழா அங்கேயே முடிந்துவிடும்.

6 மணிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, 5 நிமிட வரவேற்பு, தலைமையாசிரியர் 7 நிமிடம் தேவையைச் சொல்லட்டும். 6.15க்குச் சிறப்புரை, 40 நிமிடம். அது முடிந்த கையோடு, கைதட்டல் அடங்குவதற்குள், ஊர் மதிக்கும் ஒருவர் எழுந்து பணம் கேட்க வேண்டும். பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் அதற்குப் பிறகு. பிள்ளைகளை மேடையேற்றிக் கையேந்த வைக்காதீர்கள். அவர்கள் மறுநாளும் அதே ஊரில்தான் நடமாட வேண்டும்.

பணம் கேட்கும் அந்த 10 நிமிடத்துக்கு, 30 பேருக்கு ஒரு தொண்டர் வீதம் வாக்குறுதி அட்டை (எவ்வளவு தருவேன் என்று எழுதிக் கொடுப்பது), பேனா, ரசீதுப் புத்தகத்தோடு நிற்கட்டும். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கியூஆர் அட்டை ஒட்டுங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கு, நிதி திரட்டும் அறக்கட்டளையின் பேரிலேயே இருக்கட்டும், தனிநபர் பேரில் வேண்டாம். மண்டபத்துக்குள் செல்போன் சிக்னல் எடுக்கிறதா என்று முந்தைய நாளே உட்கார்ந்து பாருங்கள். பல மண்டபங்களில் எடுக்காது. வெளியே போய் அனுப்புகிறேன் என்றவர் பெரும்பாலும் திரும்புவதில்லை.

அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் 80ஜி பதிவு இல்லாமல் வரிச்சலுகை உண்டு என்று நோட்டீஸில் அச்சிடக் கூடாது. பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்குச் சலுகை கிடையாது. காசோலையோ யூபிஐயோ கேளுங்கள், பான் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் நம்மூர்ப் பிள்ளையே ஆனாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாத அமைப்பு அவர் பணத்தை வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அந்தத் தடை இல்லை.

அட்டையில் எழுதிக் கொடுத்தவர்களை 3 நாளுக்குள் கூப்பிடுங்கள். ஒரு வாரத்துக்குள் வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், சன்மானத் தொகையையும் சேர்த்து.